பிந்தி வந்த பிஸ்டன்

ஆறு வாரம் அலைந்ததில் சர்வேயருக்கு மிஞ்சியது முழங்கால் வலி ஒன்றுதான். காணாமல் போன ஒரு மனிதரைத் தேடிப் பன்னிரண்டு வீட்டுக் கதவுகளைத் தட்டியாகிவிட்டது. பழுப்பேறிய போலீஸ் கோப்பை மூன்று தடவை படித்தாகிவிட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமை காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, வழக்கைக் கொடுத்த பெண்ணே போன் செய்தாள். அப்பாவின் வண்டி இன்ஜினை மெக்கானிக் பிரித்துவிட்டாராம். என்னவோ ஒத்துவரவில்லையாம். வந்து பார்க்கச் சொல்கிறாராம்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, மோதியது மரமா லாரியா, பிரேக் பிடிக்கவில்லையா பிடிக்க மனசில்லையா என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றும் பெயர் ஒட்டிக்கொண்டது. பொய்யைக் கண்டுபிடிக்கிறவர் என்று யாரோ சொல்ல, ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். அவருடைய மனைவியின் தம்பி அந்தக் காலத்தில் நொறுங்கிய வண்டிகளைப் படம் பிடித்தவன். இப்போது அத்தானின் பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். அவன் வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"மனுஷங்களை எல்லாம் விசாரிச்சாச்சு. இனிமே இன்ஜினைத்தான் விசாரிக்கணும்," என்றான் மச்சினன் பஸ்ஸில். "அதுவாவது நம்மள உக்கார வச்சு தன் கதையைச் சொல்லி அழாது."

வழக்கு இதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலையில் அந்தப் பெண்ணின் அப்பா தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி, அப்போதே அபூர்வம். இன்ஜின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி அதை ஷெட்டில் நிறுத்தினார். அன்று ராத்திரி பின்கட்டில் குடியிருந்த தம்பியோடு பெரிய சண்டை. விடிந்தபோது ஆளைக் காணோம். மனைவி போலீஸில் ஒரு வாக்குமூலம் கொடுத்தாள். கொழுந்தன் தன் கணவரைப் பார்த்து 'உன்னை விடமாட்டேன்' என்று கத்தியதைக் காதால் கேட்டதாக. தம்பியை நான்கு நாள் வைத்து விசாரித்தார்கள். எதற்காகச் சண்டை என்று கேட்டால் அவர் வாயைத் திறக்கவே இல்லை. பிணமும் கிடைக்கவில்லை, சாட்சியும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் தெரு விடவில்லை. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. அவர் அதே பின்கட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். அண்ணி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போது எட்டு வயதாக இருந்த மகளுக்கு இப்போது இருபத்தேழு. இரண்டு மாதத்துக்கு முன், பல வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்தே நடந்துவந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் நடந்தபோதுதான், எப்போதும் அம்மாவின் தலையணைக்கடியில் இருந்த ஷெட்டுச் சாவி முதல்முறையாக அவள் கைக்கு வந்தது. வண்டியை ஓட வைக்க மெக்கானிக்கைப் பிடித்தாள். அப்பாவைக் கண்டுபிடிக்கச் சர்வேயரைப் பிடித்தாள்.

மெக்கானிக்கின் பட்டறை மரக்கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. நீளப் பலகையில் கழற்றிய வரிசைப்படியே எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். கார்புரேட்டர், ஹெட், வால்வு, பிஸ்டன், சிலிண்டர். நட்டுகள் தனித்தனி டப்பாவில் மண்ணெண்ணெயில் கிடந்தன. மனிதரும் மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறியவர் மாதிரி சோர்ந்திருந்தார். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

மெக்கானிக் நிதானமாகச் சொன்னார். வண்டி வந்தபோது கிக்கர் அசையவில்லை. இன்ஜின் பிடித்தது என்று வீட்டில் சொன்னதால் அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டு, நாலாம் நாள் மரக்கட்டையை வைத்துத் தட்டினார். பிஸ்டன் இரண்டே தட்டில் இறங்கியது. அங்கேதான் அவருக்கு உறுத்தியது. சூட்டில் பிடித்த பிஸ்டன் அப்படி இறங்காது. உடம்பெல்லாம் கீறலோடு, அலுமினியம் உருகி அப்பியபடி வரும். இது வெறும் துருவில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"உள்ள விரலை விட்டுப் பாருங்க சார்."

சர்வேயர் சிலிண்டருக்குள் விரலை விட்டார். துருவைத் துடைத்த இடத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள், உள்ளங்கை ரேகை மாதிரி.

"ரீபோர் போட்ட கோடு, சிலிண்டரை உள்ளாறக் கடைஞ்சு பெருசாக்கின தடம். அப்படியே புதுசா இருக்கு. பிஸ்டனும் புதுசு, ஒரு அளவு பெருசு. தலையில பாருங்க, விளக்குல காட்டின மாதிரி லேசாக் கரி. ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கும். மிஞ்சினா மூணு."

"அதாவது, பிடிச்ச இன்ஜினை யாரோ சரி பண்ணியிருக்காங்க."

"அதுவும் கைதேர்ந்த ஆளு."

அப்பா அன்று மாலை தள்ளிக்கொண்டு வந்தார், மறுநாள் காலையில் இல்லை. ஒரே ராத்திரியில் ரீபோர் போட்டுப் பிஸ்டன் மாற்ற யாராலும் முடியாது. அப்படியானால் அவர் போன பிறகுதான் யாரோ மாற்றியிருக்க வேண்டும். அந்தப் பெண் அதற்குமேல் யோசிக்கவில்லை. சித்தப்பாதான் என்றாள். எதையோ மறைக்கத்தான் இன்ஜினில் கை வைத்திருக்கிறார் என்றாள்.

மச்சினன் அத்தான் காதருகே குனிந்தான். "கொலை பண்ணினவன் கத்தியைக் கழுவுவான். பிஸ்டன் மாத்துவானா?"

சர்வேயரின் கண் பலகைக்குக் கீழே குப்பைத் தட்டில் இருந்தது. அதில் ஒரு துணிச் சுருள். எடுத்து விரித்தார். பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி, ஓரத்தில் பாதிப் பாக்கெட் தைத்தபடியே கிழிந்திருந்தது. எங்கே இருந்தது என்று கேட்டார். கார்புரேட்டர் வாயில் அடைத்திருந்ததாக மெக்கானிக் சொன்னார். பூச்சி, தூசி போகாமலிருக்க அப்படிச் செய்வது வழக்கம்தான்.

"நாளைக்கு ஓட்டப் போறவர் அடைப்பாரா?"

"மாட்டார் சார். நாளாகும்னு தெரிஞ்சாத்தான் அடைப்போம்."

சர்வேயர் அந்தத் துணியைச் சாதாரணமாக மடித்தபடி, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன யூனிஃபார்ம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். சின்ன வகுப்பில் நீலம் என்றாள். ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கூடம் மாறினாள், அங்கே பச்சைக் கட்டம், பத்தாவது வரைக்கும் அதுதான். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள்.

"சும்மாம்மா. நீங்க ஆபீஸுக்குக் கிளம்புங்க. சாயந்திரம் வீட்டுல பாக்கலாம்."

அவள் போன பிறகு மச்சினன் பையைத் திறந்து பிடித்தான். துணி உள்ளே போனது. எட்டு வயதில் அப்பாவைத் தொலைத்த பெண்ணின் பெரிய பள்ளிக்கூடத்து உடுப்பு, அப்பா கடைசியாகத் தொட்டதாகச் சொல்லப்படும் இன்ஜினின் வாயில். பழைய உடுப்பைக் கிழித்துக் கொடுக்கக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான். ஷெட்டுச் சாவியும் அவளிடம்தான் இருந்தது.

"அந்தம்மாவே ஆளை முடிச்சுட்டு..." என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"உங்க அக்கா என்னை இன்னும் முடிக்கல. அதனால எல்லாரையும் அப்படி நினைக்காதே."

"அக்காவுக்குப் பொறுமை ஜாஸ்தி அத்தான்."

மெக்கானிக் சிலிண்டரைக் கவிழ்த்துக் காட்டினார். அடி விளிம்பில் ஊசி முனையால் குத்தியதுபோல ஒரு சின்ன முக்கோணம். ரீபோர் போடுகிற ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் அடையாளம் உண்டு. முக்கோணம் என்றால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் லேத்துக்காரம்மா. சிலிண்டரைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் சர்வேயர் ஒரு கடை வாசலில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மச்சினன் குடையை ஊன்றுகோலாக நீட்டினான்.

லேத்துக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முழங்கை வரை இரும்புத் தூள். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தாமலே சிலிண்டரைக் கையில் வாங்கி, முக்கோணத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தன்னுடையதுதான் என்றாள். அவள் கணவர் மெஷினில் நின்ற காலத்தில் வட்டம்தான் குத்துவார். அவருக்குக் கை விழுந்து இவள் நிற்க ஆரம்பித்த பிறகு முக்கோணம். ஏன் மாற்றினாள் என்று கேட்டதற்கு, தன் வேலை சரியாக வராமல் போனால் அவர் பெயர் கெடக்கூடாது அல்லவா என்றாள். அது நடந்து பதின்மூன்று வருஷமாகிறது.

ஆக, இந்த வேலை நடந்தது அதற்குப் பிறகு. சித்தப்பாவின் போட்டோவைச் சர்வேயர் காட்டினார். இவர் இல்லை என்று தலையாட்டினாள். வந்தவரை எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டதற்கு மெஷினை நிறுத்தினாள்.

"அப்ப நான் தனியா வேலை செய்ய ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. வர்றவங்க எல்லாம் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாப்பாங்க, ஆம்பளை யாராவது இருக்காங்களான்னு. அவர் பாக்கல. சிலிண்டரை என் கையில குடுத்தார். கொஞ்சம் லூசாவே வைங்கம்மான்னார். ஏன்னு கேட்டேன். எண்ணெய் இல்லைன்னு தெரிஞ்சும் நிக்காம விரட்டி நானே பிடிக்க வச்சேன், இன்னொரு தடவை தாங்காதுன்னார்."

சர்வேயர் சித்தப்பாவின் போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"நானேன்னா சொன்னார்?"

"நானேன்னுதான் சொன்னார்."

அப்பாவின் பழைய போட்டோவை நீட்டினார். அவள் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். இளைத்துப்போய், தலை நரைத்து வந்தார், ஆனால் இந்த மூக்குதான் என்றாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு கடைசி வரை உள்ளே வராமலே நின்றதையும், கிளம்பும்போது அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்ததையும் சொன்னாள்.

வெளியே வந்ததும் மச்சினன், "போலீஸ் கோப்பு நாப்பது பக்கம். கடைசியில ஓர் ஏகாரம்தான் ஆளைக் காட்டிக்குடுத்தது," என்றான். அதில் வழக்கமான குஷி இல்லை. போனவர் ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. பின்கட்டில் ஒரு மனிதன் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் கொலைகாரனாக இருந்திருக்கிறான்.

மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குப் போனார்கள். அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். முன்னால் நான்கு கால் நடைவண்டி. சர்வேயர் பச்சைக் கட்டத் துணியை அவள் மடியில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். பாதிப் பாக்கெட்டின் தையலை நகத்தால் நெருடினாள். பொய் சொல்லப் போகிறாள் என்று சர்வேயர் எதிர்பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம். ஆனால் பொய் சொல்லக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மாலையில் கணவர் ஒரு சைக்கிள்காரரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் வந்திருக்கிறார். ஆள் செத்துவிட்டதாக நினைத்து, எண்ணெய் தீர்ந்த வண்டியை அது பிடித்துக்கொள்ளும் வரை விரட்டியிருக்கிறார். தம்பியிடம் மட்டும் சொன்னார். தம்பி போலீஸுக்குப் போகலாம் என்றார். அவர் ஓடிப்போகிறேன் என்றார். அதுதான் சண்டை. இது எதுவும் அப்போது அவளுக்குத் தெரியாது. ஏழு வருஷம் கழித்து ஒரு பகலில், மகள் பள்ளிக்கூடத்திலும் கொழுந்தன் வேலையிலும் இருந்த நேரத்தில், அவர் வாசலில் வந்து நின்றார். சைக்கிள்காரர் பிழைத்துக்கொண்டது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. உடனே மகள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. வண்டியை முதலில் சரி பண்ணுகிறேன், அதற்குள் தைரியம் வந்துவிடும் என்றார். எட்டு நாள், தினமும் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போனார்.

"அப்பதான் அந்த வார்த்தையைக் கேட்டேன் அவர்கிட்ட," என்றாள். "தம்பி அன்னிக்கு உங்களை விடமாட்டேன்னு கத்தினாரேன்னு. 'ஓடிப்போக விடமாட்டேன்'னு சொன்னான்டி, அவன் அழுதுட்டே என் கையைப் பிடிச்சுட்டு நின்னான்னார். பாதி வார்த்தையைக் கேட்டுட்டுப் போய் நான் போலீஸ்ல சொல்லியிருக்கேன். அவர் திரும்பி வந்தா, நான் என்ன பண்ணினேன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். தம்பி மூஞ்சியை எப்படிப் பாப்பேன். பாப்பாவுக்குப் பரீட்சை இருந்துச்சு. அதைச் சொல்லிக்கிட்டேன். பரீட்சை முடியட்டும், அப்புறம் வாங்கன்னேன்."

எட்டாம் நாள் இன்ஜின் ஓடியது. அவர் அதை அணைத்துவிட்டு ஒரு துணி கேட்டார். அலமாரியில் கைக்கு அகப்பட்டதைக் கிழித்துக் கொடுத்தாள். பரீட்சை முடிந்த பிறகு, 'வரட்டுமா' என்று கேட்டு எழுதினார். இப்போது வேண்டாம் என்று பதில் எழுதினாள். இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில். மூன்றாவதாக வந்தது ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து. அதில் அவர் கையெழுத்து இல்லை. அது வந்து ஒன்பது வருஷம்.

கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட முடியுமா என்று அவள் கேட்டாள். சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் ஓஞ்சுபோயிட்டேம்மா. பொய் எழுதறதுக்கும் தெம்பு வேணும். உங்க பொண்ணு அஞ்சரைக்கு வருவா. அதுக்கு முன்னாடி இதை மொதல்ல கேக்க வேண்டியவர் ஒருத்தர் பின்னாடி இருக்கார்."

அவள் மடியிலிருந்த துணியை மடித்து ஜன்னலில் வைத்தாள். பிறகு நடைவண்டியைப் பிடித்தாள். மச்சினன் ஓடிப்போய்த் தாங்கினான். கொல்லைக் கதவைத் திறந்து, முற்றத்தைக் கடந்து, முப்பது அடி தூரம். அதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை திரும்பிவிடலாம் என்றாள். "திரும்பினாலும் அதே தூரம்தான் அக்கா," என்றான் மச்சினன் மெதுவாக.

கொழுந்தன் அன்று வீட்டில்தான் இருந்தார். சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவர், அண்ணி வாசலில் நிற்பதைக் கண்டு ஊசியோடு எழுந்தார். உட்காருங்கள் என்று சொல்லவும் மறந்து தன் ஒரே நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். அவள் உட்காராமல், நின்றபடியே சொன்னாள். அவர் திரும்பி வந்தார் தம்பி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். எனக்குத் தெரியும். நான் மறைத்துவிட்டேன்.

"தெரியும் அண்ணி," என்றார் அவர்.

மச்சினன் அத்தானைப் பார்த்தான். ஆறு வாரத்தில் சர்வேயர் இவரை நான்கு முறை விசாரித்திருக்கிறார்.

"அன்னிக்குக் காய்ச்சல்னு பாதியில வந்துட்டேன். படுத்திருந்தேன். ஷெட்டுல வண்டி ஓடற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் மட்டும்தான் ஆக்ஸிலேட்டரை அப்படி ரெண்டு தடவை முறுக்கிட்டு விடுவார். அப்புறம் அவர் குரலும் கேட்டுச்சு."

"ஏன் தம்பி வரல நீங்க?"

"இந்தக் கதவு வழியா அவர் வருவார்னு எழுந்து உக்காந்தேன். வரல. என்னைப் பாக்க வேணாம்னு நினைச்சுட்டுப் போனவரை, இதோ இருக்கார்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது. நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். பாப்பாவும் அப்பா இல்லைன்னு அழுது முடிச்சிருந்தா."

"அவர் வரணும்னுதான் சொன்னார். தம்பியைப் பாத்துட்டுப் போறேன்னு இந்தக் கதவு வரைக்கும் வந்தார். நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். நீங்க உள்ள இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையிலேயே குத்தினார். கதவைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்து, அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதிலை வேறு யாரும் சொல்ல முடியாது.

"அவர் போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம் ஆச்சு தம்பி."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். சத்தம் போட்டு அழவில்லை. அண்ணி நடைவண்டியை விட்டுவிட்டு, மச்சினன் தோளைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அந்தத் தாழ்ந்த படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐந்தரைக்கு முன்வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மகள் வீட்டுக்குள் அம்மாவைத் தேடி, கூப்பிட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் வந்தாள். படியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முற்றத்திலேயே நின்றுவிட்டாள். கண்டுபிடித்துவிட்டீர்களா என்று அவள் சர்வேயரைக் கேட்க வாயெடுத்தாள். சித்தப்பா படியில் நகர்ந்து, தனக்கும் அண்ணிக்கும் நடுவில் இடம் விட்டார்.

"இங்க வா பாப்பா," என்றாள் அம்மா. "நான் சொல்றேன்."